வெளிநாட்டு சாக்கெட்டில் மாட்டியதும் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொண்டுபோன கெட்டில் சூடாகவில்லை, ஹேர் ட்ரையர் புகைகிறது, லேப்டாப் தொட்டால் சுர்ரென்கிறது. வெளிநாடு போனவர்களிடமிருந்து என்னிடம் வரும் கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட இப்படிப் பத்து அறிகுறிகளுக்குள் அடங்கிவிடும். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்: லேபிள்

சாதனத்தின் அடியிலோ, சார்ஜரின் முதுகிலோ, ஹேர் ட்ரையரின் கைப்பிடியிலோ பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறத்தில் அச்சடித்திருப்பார்கள், கண்ணுக்கே தெரியாது. போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். "இன்புட்" என்ற சொல்லுக்கு அடுத்து வரும் எண்தான் தேவை.

100-240 வோல்ட் என்று இருந்தால் கவலை இல்லை. உலகில் எங்கேயும் ஓடும். பின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். போன், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகை. 220-240 என்றோ 120 என்றோ ஒற்றை வோல்டேஜ் மட்டும் போட்டிருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டின் வோல்டேஜைப் பார்த்தாக வேண்டும். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, ஆசியாவின் பெரும்பகுதி 220 முதல் 240 வரை. அமெரிக்காவும் கனடாவும் 120. தைவான் 110. ஜப்பான் 100. பிரேசிலில் ஊருக்கு ஊர் மாறும்: சாவ் பாவ்லோவில் 127, பிரேசிலியாவில் 220, ஆனால் சாக்கெட் வடிவம் ஒன்றுதான். அங்கே அறைக்காரரிடம் கேட்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

பயண அடாப்டர் வோல்டேஜைத் தொடாது. பின் பொருந்திவிட்டது என்பதால் கரண்டும் பொருந்திவிட்டது என்று நினைத்துத்தான் பாதிச் சாதனங்கள் கருகுகின்றன.

## அறிகுறி: மாட்டினால் எதுவுமே நடக்கவில்லை

முதலில் சாக்கெட்டில் கரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மேசை விளக்கை அதில் மாட்டிப் பார்த்தால் போதும்.

விளக்கும் எரியவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்.

கதவருகே சாவி அட்டை செருகும் இடம் இருக்கிறதா? பல ஹோட்டல்களில் அட்டையை எடுத்தால் சாக்கெட்டுகளும் அணைந்துவிடும். காலையில் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போய், ராத்திரி வந்து பார்த்தால் போன் அப்படியே இருக்கும். இதற்குச் சாதனத்தைக் குறை சொல்ல முடியாது. கூடுதல் அட்டை ஒன்று வரவேற்பில் கேட்டால் தருவார்கள். இல்லையென்றால் குளிர்பதனப் பெட்டி ஓடும் சாக்கெட்டைத் தேடுங்கள், அது பெரும்பாலும் எப்போதும் உயிரோடு இருக்கும்.

சாக்கெட்டிலேயே சுவிட்ச் இருக்கிறதா? பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சுவிட்சின் கீழ்ப்பக்கம் அமுங்கியிருந்தால் ஆன். வட அமெரிக்காவில் சுவரில் மேலே தள்ளினால்தான் ஆன். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு: அறை வாசலில் இருக்கும் சுவிட்ச், கட்டிலருகே உள்ள சாக்கெட்டில் ஒரு பாதியை மட்டும் கட்டுப்படுத்தும். மேல் துளை செத்திருந்தால் கீழ்த் துளையில் மாட்டிப் பாருங்கள்.

குளியலறை, சமையலறை சாக்கெட்டின் நடுவில் சின்னதாக இரண்டு பொத்தான்கள் இருந்தால், அதில் ஒன்று ரீசெட். அழுத்துங்கள். வட அமெரிக்க வீடுகளில் குளியலறையில் இருக்கும் அந்த ஒரு பொத்தான் விழுந்தால், அதே லைனில் பின்னால் உள்ள மற்ற சாக்கெட்டுகளும் சாகும். அதனால் உங்கள் சாக்கெட்டில் பொத்தான் இல்லாவிட்டாலும் மற்ற அறைகளில் தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று என்றால் வரவேற்பில் சொல்லுங்கள். சாக்கெட் மூடியைக் கழற்றுவது உங்கள் வேலை இல்லை.

விளக்கு எரிகிறது, உங்கள் சாதனம் மட்டும் ஓடவில்லையா? பெரும்பாலும் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. பிரிட்டன் வகைச் சாக்கெட்டில் உள்ளே தடுப்பு இருக்கிறது. நீளமான எர்த் பின் அந்தத் தடுப்பைத் திறந்துவிட்ட பிறகுதான் மற்ற இரண்டு பின்களும் உள்ளே போகும். அதனால் நேராக, நன்றாக அழுத்தித் தள்ள வேண்டும். பேனாவையோ சாவியையோ எர்த் துளையில் விட்டுத் திறக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தடுப்பு இருப்பதே குழந்தைகள் எதையும் உள்ளே விடக்கூடாது என்பதற்காக.

ஜெர்மனி போன்ற நாடுகளில் சாக்கெட் வட்டக் கிணறு மாதிரி உள்வாங்கியிருக்கும். சதுரமான பெரிய பயண அடாப்டரின் உடம்பு அந்தக் குழிக்குள் இறங்காமல் விளிம்பிலேயே நிற்கும். பின் நுனி மட்டும் பட்டும் படாமலும் இருக்கும். சுவிட்சர்லாந்தில் குழி இன்னும் ஒடுக்கம். இத்தாலியின் பழைய சாக்கெட்டில் ஜெர்மன் பிளக்கின் தடித்த பின் நுழையாது, மெல்லிய இரட்டைப் பின் நுழையும். இந்த நாடுகளுக்கு அந்தந்த வடிவத்துக்கே செய்த சின்ன அடாப்டர்தான் சரி.

அடுத்து ஃபியூஸ். பல பயண அடாப்டர்களில் ஒரு சிறு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், சிலவற்றில் மாற்று ஃபியூஸும் உள்ளேயே வைத்திருப்பார்கள். பிரிட்டன் பிளக்குக்குள் 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். போனதை அதே ஆம்பியரில் மாற்றுங்கள். ஒருமுறை போனால் விபத்தாக இருக்கலாம். மாற்றியதும் மறுபடி போனால் சாதனத்தில் கோளாறு, அத்தோடு நிறுத்துங்கள். அலுமினியத் தாளைச் சுற்றி ஒப்பேற்றுவது தீவிபத்துக்கு நேர்வழி.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் தெம்பே இல்லை

கெட்டில் அரைமணி நேரமாகியும் கொதிக்கவில்லை, அயர்ன் பாக்ஸ் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. 230 வோல்ட் சாதனத்தை 120 வோல்ட் நாட்டில் மாட்டியிருக்கிறீர்கள். வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாகும் என்று தோன்றும். ஆனால் கால்வாசிதான் மிஞ்சும். 1500 வாட் கெட்டில் 400 வாட்டுக்கு இறங்கிவிடும். ஜப்பானின் 100 வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

வெறும் சூடேற்றும் பொருளுக்கு இதனால் ஆபத்து இல்லை. மோட்டார் இருந்தால் கதை வேறு. மிக்சி, டிரிம்மர், சின்ன குளிர்பெட்டி போன்றவை குறைந்த வோல்டேஜில் சுழல முடியாமல் முனகிக்கொண்டே நின்று, காயில் சூடேறிக் கருகும். முனகல் கேட்டதும் அணைத்துவிடுங்கள்.

தீர்வு? கெட்டிலுக்காக, வோல்டேஜை மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள். 1500 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் பல கிலோ எடை. போகும் இடத்தில் ஒரு சாதாரண கெட்டில் வாங்குவதோ, ஹோட்டலில் கேட்பதோ எல்லா வகையிலும் மலிவு.

மின்சாரத்தில் ஓடும் பழைய கடிகாரம் மட்டும் தவறான நேரம் காட்டினால் வோல்டேஜைத் தேடாதீர்கள், ஹெர்ட்ஸைப் பாருங்கள், அதாவது கரண்ட் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கடிகாரம் 50 ஹெர்ட்ஸில் மணிக்கு 10 நிமிடம் பின்தங்கும். ஜப்பானுக்குள்ளேயே கிழக்கில் டோக்கியோ பக்கம் 50, மேற்கில் ஒசாகா பக்கம் 60. எந்த டிரான்ஸ்ஃபார்மரும் இதை மாற்றாது. போன் அலாரத்தை நம்புங்கள்.

## அறிகுறி: அளவுக்கு மீறிய வேகம், சூடு, புகை

இதற்கு யோசிக்க நேரம் கிடையாது. சுவிட்ச் இருந்தால் முதலில் அதை அணையுங்கள், பிறகு பிளக்கை இழுங்கள். பிளக்கே உருகிக்கொண்டிருந்தால் கை வைக்காமல் அறையின் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ பிடித்தால் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு அழையுங்கள்: ஐரோப்பாவில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஜப்பானில் 119.

நடந்தது இதுதான்: 120 வோல்ட் சாதனத்தை 230-ல் மாட்டிவிட்டீர்கள். கிட்டத்தட்ட நான்கு மடங்கு மின்சக்தி பாயும். 1200 வாட் ஹேர் ட்ரையர் 4400 வாட் இழுக்கப் பார்க்கும். சில விநாடிகள் ஜெட் மாதிரிச் சீறிவிட்டு அடங்கிவிடும். உள்ளே இருக்கும் வெப்ப ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் பழுது பார்க்கலாம். ஆனாலும் ஒருமுறை இப்படிச் சூடுபட்ட ஹேர் ட்ரையரைத் திரும்பப் பயன்படுத்த நான் யாருக்கும் சொல்வதில்லை.

யாரும் எதிர்பார்க்காத இன்னொரு குற்றவாளி, எக்ஸ்டென்ஷன் போர்டு. வட அமெரிக்காவில் வாங்கிய, சர்ஜ் பாதுகாப்பு (வோல்டேஜ் திடீரென எகிறினால் காப்பது) உள்ள போர்டை 230 வோல்ட் நாட்டில் மாட்டினால், அதில் எந்தச் சாதனமும் இல்லாவிட்டாலும் டப்பென்று வெடித்துப் புகையும். அதற்குள் இருக்கும் பாதுகாப்புப் பாகம் 230-ஐயே ஆபத்தான எழுச்சி என்று எடுத்துக்கொண்டு கரண்டை விழுங்கிக் கருகுகிறது. சார்ஜர்கள் எல்லாம் 100-240 என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போர்டுக்கும் லேபிள் உண்டு, அதையும் படியுங்கள்.

இங்கே, வோல்டேஜைக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. கையடக்கமாக இருந்துகொண்டு 1600 வாட் தாங்கும் என்று விற்கும் எளிய கன்வெர்ட்டர், கரண்ட் அலையை வெட்டிக் கொடுக்கும் வகை. அயர்ன் பாக்ஸ், சாதாரண ஹேர் ட்ரையர் போன்ற வெறும் சூட்டுச் சாதனங்களுக்கு மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மின்னணுப் பலகை உள்ள எதையும் அதில் மாட்டினால் கெட்டுவிடும். டிஜிட்டல் திரையுள்ள ஹேர் ஸ்ட்ரெய்ட்னரும் அதில் சேர்த்திதான்.

## அறிகுறி: அடாப்டரோ பிளக்கோ கைவைக்க முடியாமல் சுடுகிறது

சார்ஜர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். அடாப்டர் சுடுவது சகஜம் இல்லை. அதில் விரலை ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் கழற்றுங்கள்.

முதல் காரணம், லூசான பிடி. பல வருடம் உழைத்த ஹோட்டல் சாக்கெட்டில் பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கும். பட்டை பின் போடும் நாடுகளில் இது அதிகம். சார்ஜரின் கனத்துக்கே அடாப்டர் தலைகுனிந்து பாதி வெளியே தொங்கும். பட்டும் படாமலும் இருக்கும் அந்த இடத்தில்தான் சூடு பிறக்கிறது. வேறு சாக்கெட்டுக்கு மாறுங்கள். கனமான சார்ஜரை நேராகச் சுவரில் தொங்கவிடாமல், குட்டையான ஒயர் வழியாகத் தரையில் வையுங்கள். பின்னை நெளித்து இறுக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, அடாப்டர் மேல் அடாப்டர். ஒன்றுக்கு மேல் அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பும் சூட்டுக்கு ஓர் இடம்.

மூன்றாவது, தாங்காத சுமை. இது கணக்கு போட்டால் தெரிந்துவிடும். அடாப்டரில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அது 2300 வாட் தாங்கும், 100 வோல்ட்டில் 1000 வாட்தான். பெட்டியின் அட்டையில் பெரிய எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார்கள். 120 வோல்ட் நாட்டில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். அந்த அடாப்டர் நிச்சயம் சுடும். ஐரோப்பாவின் மெல்லிய இரட்டைப் பின் பிளக்கோ 2.5 ஆம்பியருக்கு மட்டுமே. போன் சார்ஜருக்கு ஏற்றது, கெட்டிலுக்கு ஆகாது.

சாக்கெட்டின் முகத்தில் பழுப்புக் கறை தெரிந்தாலோ, பிளாஸ்டிக் தீயும் வாடையோ மீன் கவிச்சி மாதிரி வாடையோ வந்தாலோ பிரச்சினை சுவருக்குள் இருக்கிறது. மீன் எங்கே என்று தேடாதீர்கள். சூடேறும் மின் பொருத்துகளின் பிளாஸ்டிக்குக்கு அப்படி ஒரு வாடை உண்டு. அந்தச் சாக்கெட்டை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனை வரச்சொல்லுங்கள். ராத்திரியாக இருந்தால் அறையை மாற்றித் தரக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

## அறிகுறி: செருகும்போது பொறி பறக்கிறது

லேப்டாப் சார்ஜரைச் செருகும் நொடியில் நீலமாக ஒரு சின்னப் பொறி, ஒரு டிக் சத்தம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. முதலில் சாக்கெட்டில் மாட்டி, பிறகு லேப்டாப்பில் செருகினால் பெரும்பாலும் குறையும். சாக்கெட்டில் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிட்டு மாட்டுங்கள், பொறியே வராது.

மஞ்சளாகப் பெரிய பொறி, மாட்டிய பிறகும் சரசரவென்று சத்தம், பின்னில் கருப்புக் கரி: இதில் எது இருந்தாலும் அந்தச் சாக்கெட் வேண்டாம்.

## அறிகுறி: மாட்டியதும் ட்ரிப் ஆகிறது

ஒரே நேரத்தில் எத்தனை சூட்டுச் சாதனம் ஓடுகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்காவில் 15 ஆம்பியர் லைன் மொத்தமே 1800 வாட். ஹேர் ட்ரையரும் கெட்டிலும் சேர்ந்தால் விழுந்துவிடும். ஒன்றை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் நிற்கிறதா? அவ்வளவுதான் விஷயம்.

ஒரே ஒரு சாதனத்துக்கே விழுந்தால் அது பெரும்பாலும் மின்கசிவு, கரண்ட் வழிதவறி வெளியே போகிறது. கசிவைக் கண்டதும் லைனை அணைக்கும் ஐரோப்பிய வகைக் காப்பு 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழும், வட அமெரிக்கக் குளியலறை சாக்கெட் 5 மில்லிஆம்பியருக்கே விழும். வீட்டில் ஒழுங்காக ஓடியது அங்கே விழுந்தால், அங்குள்ள காவலாளி இன்னும் கறார் என்று அர்த்தம். சாதனம் நனைந்திருந்தால் முழுதாகக் காயவிட்டு ஒரே ஒருமுறை முயலுங்கள். மறுபடி விழுந்தால் அந்தச் சாதனம் முடிந்தது. காப்பு இல்லாத வேறு சாக்கெட்டைத் தேடிப் போய் மாட்டுவதுதான் இதில் செய்யக்கூடாத காரியம்.

எதுவுமே மாட்டாமல் ட்ரிப் ஆனால் கட்டடத்தின் ஒயரிங்கில் கோளாறு. அது எலக்ட்ரீஷியன் வேலை.

## அறிகுறி: தொட்டால் சுர்ரென்கிறது

எதைத் தொட்டபோது என்பதைப் பொறுத்து இது இரண்டாகப் பிரியும்.

உலோக உடம்புள்ள லேப்டாப், சார்ஜில் இருக்கும்போது மட்டும். மணிக்கட்டில் மெல்லிய அதிர்வு, புறங்கையால் தடவினால் சொரசொரப்பாக இருப்பதுபோல ஓர் உணர்வு. எர்த் இல்லாத இரட்டைப் பின்னில் மாட்டியிருப்பீர்கள். சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய கரண்ட் லேப்டாப்பின் உடம்புக்கு வருகிறது. சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றால் ஆபத்தில்லை. எர்த் பின் உள்ள ஒயரையும், எர்த்தைக் கடத்தும் அடாப்டரையும் போட்டால் போய்விடும். பல பயண அடாப்டர்களில் மூன்று துளை இருந்தாலும் எர்த் உள்ளே இணைந்திருக்காது, மூன்றாவது வெறும் பிளாஸ்டிக் பின்னாக இருக்கும். எர்த் ஒயர் போட்டும் சுர்ரென்றால் சாக்கெட்டில் எர்த் இல்லை, சொல்லிவிடுங்கள். சுர்ரென்பது போய் வெடுக்கென்று அடித்தால் சார்ஜர் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

அயர்ன் பாக்ஸ், எவர்சில்வர் கெட்டில் போல எர்த் பின்னோடு வரும் உலோகச் சாதனத்தை எர்த் இல்லாத அடாப்டரில் ஒருநாளும் மாட்டாதீர்கள். உள்ளே ஒயர் ஒன்று விட்டுப்போனால் சாதனத்தின் உடம்பு முழுக்கக் கரண்ட் வந்து நிற்கும், தடுக்க எதுவும் இருக்காது. எர்த் பின்னை வெட்டிவிட்டு இரட்டைத் துளையில் நுழைப்பதும் இதே கதைதான்.

குழாய், ஷவர், தண்ணீர். மிக மெல்லியதாகச் சுர்ரென்றாலும் உடனே வெளியே வாருங்கள். பிரேசில் உள்பட லத்தீன் அமெரிக்காவின் பல இடங்களில் ஷவர் தலைக்குள்ளேயே ஹீட்டர் இருக்கும், ஒயர்கள் மேலே சுவரிலிருந்து வரும். ஒழுங்காக எர்த் செய்திருந்தால் அது பாதுகாப்பானதுதான், லட்சக்கணக்கானவர்கள் தினமும் குளிக்கிறார்கள். எர்த் இல்லையென்றால் ஈர உடம்பு கரண்டுக்கு வழியாகிவிடும். குழாயை மூடக்கூட ஈரக் கையை நீட்டாதீர்கள், தண்ணீர் ஓடட்டும். துவட்டிக்கொண்டு, செருப்புப் போட்டு, மெயினை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக் குளித்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்தக் குளியலறை கிடையாது. சூடு குறைக்கும் கூட்டும் குமிழைத் தண்ணீர் ஓடும்போது தொடாமல், நிறுத்திவிட்டு மாற்றுவதுதான் முறை.

யாராவது கரண்டில் சிக்கியிருந்தால் கையால் இழுக்காதீர்கள். மெயினை அணைப்பதுதான் முதல் வேலை.

## அறிகுறி: சார்ஜ் ஏறவில்லை, அல்லது திரை தன்னிச்சையாக ஆடுகிறது

வோல்டேஜ் குறைந்த நாட்டில் சார்ஜ் மெதுவாக ஏறும் என்பது தவறான நம்பிக்கை; 100-240 சார்ஜர் எங்கேயும் ஒரே அளவு கொடுக்கும். மெதுவாக ஏறினால் சுவரிலோ மேசை விளக்கிலோ இருக்கும் யுஎஸ்பி துளையில் மாட்டியிருப்பீர்கள். உங்கள் சொந்த சார்ஜரில் மாட்டுங்கள். சார்ஜ் போடும்போது மட்டும் தொடுதிரை தானாகத் தாவினால் சார்ஜர் மட்டமானது. கழற்றியதும் சரியாகும், சார்ஜரை மாற்றுங்கள்.

பிரிட்டன் குளியலறையில் இருக்கும் இரட்டைத் துளை ஷேவருக்கும் பல்துலக்கும் பிரஷ்ஷுக்கும் மட்டுமானது. உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறது, ஹேர் ட்ரையர் அதில் ஓடாது.

## அறிகுறி: பவர் பேங்க் உப்பியிருக்கிறது

சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். துணியிலிருந்து விலக்கி, ஓடு பதித்த தரையில் வையுங்கள். உப்பியதை விமானத்தில் எடுத்துப்போக அனுமதி இல்லை. வரவேற்பில் சொல்லி மின்கழிவாகக் கொடுத்துவிடுங்கள். நல்ல நிலையில் உள்ளதும் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. கொள்ளளவு 100 வாட்-மணி (Wh) வரை பொதுவாகத் தடையில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மில்லிஆம்பியர்-மணியில் (mAh) மட்டும் எழுதியிருந்தால், 27,000 என்பது ஏறக்குறைய 100 வாட்-மணி.

## அறிகுறி: அங்கே ஓடியது, வீடு திரும்பியதும் கருகியது

இரட்டை வோல்டேஜ் ஹேர் ட்ரையர்களில் கைப்பிடியில் நாணயத்தால் திருப்பும் ஒரு சின்ன திருகு இருக்கும்: ஒரு பக்கம் 110, மறுபக்கம் 220. பயணத்தில் 110-க்குத் திருப்பியவர்கள் வீட்டுக்கு வந்து 230-ல் அப்படியே மாட்டிவிடுகிறார்கள். கருகியபின் செய்ய ஒன்றுமில்லை. பெட்டி கட்டும்போதே 220-க்குத் திருப்பி, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். தானே மாறிக்கொள்ளும் வகையில் இந்தத் திருகு இருக்காது, லேபிளிலும் 100-240 என்றே இருக்கும்.